மார்ச் முப்பத்தொண்ணுக்கு முன்னாடி

தம்பிக்கு அம்மா எழுதுறது.

சாப்பிட்டியா, குளிரு எப்படி இருக்கு, ஒடம்பு தேவலையான்னெல்லாம் இந்தக் கடிதத்துல கேக்கப் போறதில்ல. அது தினமும் போன்ல கேக்குறதுதான். போன்ல பேச முடியாததைத்தான் இங்க எழுதுறேன். ஞாயித்துக்கிழமை நீ பேசினப்ப நான் எதிர்த்து ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள "சரிம்மா, சிக்னல் இல்லம்மா"ன்னு வச்சிட்ட. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். எழுதி முடிச்சதும் ஒவ்வொரு பக்கமா போட்டோ புடிச்சு ஒனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, இலுப்பூர் போயி இந்தத் தாளை ஸ்பீடு போஸ்ட்டும் பண்ணிட்டுத்தான் வருவேன். இதை நீ ஒளிச்சு வச்சுப் படிக்கணும்னு இல்ல. ஒன் ரூம்ல இருக்க பசங்களுக்குப் படிச்சுக் காட்டு. ஒன் ஆபீசருக்குத் தமிழ் தெரிஞ்சா அவருக்கும் காட்டு, நான் வேண்டாங்கல.

நீ சொன்னதை நான் சரியா வெளங்கிக்கிட்டேனான்னு மொதல்ல பாத்துக்க. ராணுவத்துக்குக் கட்டடம் கட்டுற ஆபீஸ்ல நீ ஜூனியர் இன்ஜினியர். அந்த மலையில ஜவான்கள் தங்குறதுக்கு ஒரு கட்டடம் ஒன் பொறுப்புல நடக்குது. சுவரு நிக்குது, கூரை போட்டாச்சு. குளிரு உள்ள எறங்காம இருக்க சுவத்துல அடிக்க வேண்டிய பலகை அடிக்கல, சுடுதண்ணிக் குழாய் போடல, ரூமைச் சூடாக்குற வேலை எதுவுமே ஆகல. ரோட்டைப் பனி மூடுனதுல கான்ட்ராக்டரோட ஆளுங்க வரல. மார்ச் முப்பத்தொண்ணோட இந்த வருஷத்துப் பணம் காலாவதி. அதுக்கு முன்னாடி வேலை முழுசா முடிஞ்சதுன்னு நீ அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, முழுப் பணத்தையும் கான்ட்ராக்டருக்குக் குடுத்திரலாம். அவரு மே மாசம் வந்து மிச்சத்தை முடிச்சுத் தருவாராம். போடலைன்னா மிச்சப் பணம் திரும்பப் போயிரும், அடுத்த வருஷம் ஒங்க ஆபீசுக்கு வர்றதுலயும் கை வைப்பாங்க. எல்லாரும் பண்றதுதான்னு ஒன் ஆபீசர் சொல்றாரு. நீ இன்னும் ப்ரொபேஷன்ல இருக்க, ஒன்னைப் பத்தி ரிப்போர்ட் எழுதப் போறதும் அவருதான். ஆவணியில ஒனக்குக் கல்யாணம். இதெல்லாம் சொல்லிட்டுக் கடைசியா நீ ஒண்ணு கேட்ட: "காசு திரும்பிப் போனா அந்த ஜவான்களுக்குத்தானம்மா நஷ்டம்?"

நீ ஒரு பைசா வாங்கலைன்னு எனக்குத் தெரியும். வாங்கியிருந்தா நான் கடிதம் எழுதிக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டேன், வெளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறியிருப்பேன். நீ நல்லது பண்றோம்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போடப் போற. எனக்கு அதுதான்டா பயமா இருக்கு. காசுக்குப் போடுறவன் என்னிக்காவது பயந்து நிறுத்துவான். நல்லதுக்குன்னு போடுறவன் நிறுத்தவே மாட்டான்.

ஒனக்கு நான் வெறும் அம்மாவா இருந்து இதைச் சொல்லல. புதுக்கோட்டையில அரசாங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல வேலைக்குச் சேந்து, அதே பிரிவுலயே சூப்பிரண்டாகி ரிட்டையர் ஆனவ நான். மார்ச் மாசம்னா என்னன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல நீ "அம்மாவுக்கு மார்ச் மாசம் சாமி வந்திரும்"னு பள்ளிக்கூடத்துல போயிச் சொன்னியே, ஞாபகம் இருக்கா? ஒங்க டீச்சர் என்னைக் கூப்பிட்டு எந்தக் கோயில்னு கேட்டாங்க. பதினோரு மாசம் தூங்கிட்டு, பன்னெண்டாவது மாசம் எல்லா பில்லையும் தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க. ஒரு வருஷம் எங்க ஆபீஸ்ல சாமான் வாங்குற தலைப்புல பணம் மிஞ்சிருச்சுன்னு வரிசையா நிக்குற ஃபேன் வாங்கிப் போட்டாரு எங்க அதிகாரி. மாடியில தளம் ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு வேற தலைப்பு, அதுல காசு இல்ல. ஃபேன் தலைப்புப் பணத்தை எடுத்துத் தளத்துக்குப் போட ஏலாது. ஐப்பசி மழையில அந்த ஃபேனுக்கெல்லாம் நாங்க குடை புடிக்காத கொறைதான். சிரிக்காத, ஒங்க ஆபீஸ்லயும் இதேதான் நடக்குது, ஒங்களுக்குத் தொகை பெருசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்ஜெட் அன்னிக்கு ஒங்கப்பா டிவி முன்னாடி துண்டைப் போட்டு ஒக்காந்திருவாரு, நீ பாத்திருக்க. ராணுவத்துக்கு எவ்வளவுன்னு சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரங்க "அடேயப்பா, இவ்வளவு காசா"ம்பாங்க. ஒங்கப்பா சாவகாசமா, "அதுல என் பென்ஷனும் இருக்கப்பா, முழுசாத் துப்பாக்கி வாங்கிருவாங்கன்னு நெனைக்காதீங்க"ம்பாரு. அவரு சொல்றது சரிதான். சம்பளம், பென்ஷன், சாப்பாடு, டீசல், இதுக்கே பெரிய பங்கு போயிரும். அப்புறம் புது ஆயுதம், ஏற்கனவே ஒத்துக்கிட்டதுக்குத் தவணை. கட்டடம், குழாய், கூரைன்னு நீ பாக்குற வேலைக்கு வர்றது கடைசிப் பந்தியில ஒக்காந்தவனுக்குக் கெடைக்கிற சாப்பாடுதான். அதுவும் சும்மா வந்திராது. இந்த வருஷம் செலவழிக்கப் போறதுக்குப் போன வருஷமே மழைக்காலத்துல கீழ இருந்து எங்களுக்கு இன்னது வேணும்னு எழுதி அனுப்பணும். அது ஒவ்வொரு படியா மேல போகும், போற எடமெல்லாம் வெட்டுவாங்க. தை மாசம் பாதிக்கு மேல டெல்லியில பெட்டியைத் தொறந்து படிப்பாங்க. பார்லிமென்ட்ல ஓட்டு வாங்கணும். அந்த ஓட்டு ஏப்ரல் ஒண்ணுல இருந்து மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் செல்லும். நடுவுல ஒருக்கா யாரு எவ்வளவு செலவழிச்சிருக்கான்னு பாத்து, கூட்டிக் கொறச்சு மறுபடி எழுதுவாங்க. வருஷம் முடிஞ்ச மறுநா ஒன் பொட்டியில ஒரு ரூபா மிச்சம் இருந்தாலும் அது ஒன் ரூபா இல்ல.

இது என்னம்மா முட்டாள்தனம், மிச்சம் இருந்தா அடுத்த வருஷம் வச்சுச் செலவழிச்சா என்னன்னு நீ கேட்ட. நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நெனச்சேன். எனக்கு இதை வெளங்க வச்சது ஆபீஸ் இல்ல, நம்ம ஊர்த் திருவிழா.

நம்ம ஊர்ல பங்குனித் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி போட்டு வாங்குறது ஒனக்குத் தெரியும். காப்பு அவுக்குறதுக்குள்ள கணக்கு முடிச்சிரணும், கையில மிச்சம் இருக்கக் கூடாதுங்கிறதும் பழைய கட்டுப்பாடு. அதனால மிஞ்சினதை எல்லாம் கடைசி நாளு வெடியாக்கிருவாங்க. நான் கல்யாணமாகி வந்த புதுசுல பாத்தேன், வானத்துல பூப்பூவா விரியுது, ஊரே வாயைப் பொளந்து பாக்குது, கோயில் கெணத்து மோட்டாரு ரிப்பேராகிக் கெடக்குது. கணக்கு வேலை பாக்குற திமிரு எனக்கு. நேரா ஒங்க பெரியப்பாகிட்ட போனேன், ஒங்கப்பாவோட அண்ணன், அப்ப அவருதான் விழாக் கமிட்டியில பணம் வச்சிருந்தாரு. "ஏன் மாமா, மிச்சத்தை வச்சிருந்து மோட்டாரைப் பாத்தா ஆகாதா?"ன்னேன். அவரு கோவிச்சுக்கல. "வைக்கலாந்தாம்மா. யாரு கையில வைக்கிறது? என் கையில வச்சா அடுத்த வருஷம் வரி கேக்கப் போறப்ப, போன வருஷத்து மிச்சம் எங்கன்னு நாலு பேரு கேப்பான். நான் சரியாத்தான் வச்சிருப்பேன். இருந்தாலும் கேப்பான். கேக்கணும்ல? அதுக்குத்தான் வருஷத்தோட வருஷம் தொடச்சு வச்சிட்டு, புதுசாப் போயி வாசல்ல நிக்கிறது"ன்னாரு.

ராணுவத்துக்கு வருஷத்துக்கு ஒருக்கா மட்டும் காசு குடுக்குறதும் இதுக்குத்தான் தம்பி. எத்தனையோ நாட்டுல பழங்காலத்துல இருந்தே இப்படித்தான் வச்சிருக்காங்க. துப்பாக்கி வச்சிருக்கவன், துப்பாக்கி இல்லாதவங்ககிட்ட வருஷா வருஷம் வந்து நின்னு, போன வருஷம் குடுத்ததை இன்ன மாதிரி செலவழிச்சேன், இந்த வருஷத்துக்குக் குடுங்கன்னு கேக்கணும். அந்த ஒரு கயிறுதான் நமக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கு. அதை முட்டாள்தனம்னு சொல்லாத. அவங்க கேக்குறப்ப நம்ம வாங்கிக்கிறது என்ன? வெறும் கணக்குத்தான். அந்தக் கணக்குல பொய்யி எழுதுனா, அப்புறம் அவங்க எதுக்கு வந்து கேக்கணும், நம்ம எதுக்குக் குடுக்கணும்?

வெடிக் கதை அத்தோட முடியல. வருஷத்தை முடிக்கிறது சரி, அதுக்காகக் காசைக் கொளுத்தணுமான்னு நான் விடாமக் கேட்டேன். மறு வருஷம் பெரியப்பா ஒரு காரியம் பண்ணாரு. மிச்சத்தைத் தலைக்கட்டுக்குச் சமமாப் பிரிச்சு, அவரவர் வீட்டுலயே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தாரு. மைக்குல சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. ஒருத்தரு நோட்டை வெயில்ல தூக்கிப் பாத்து, "கள்ள நோட்டா மச்சான்?"ன்னு கேட்டாரு. வெடி இல்லைன்னு எளவட்டப் பயலுக மொணங்குனானுக, கமிட்டிக்காரனுக்குக் கையாலாகலன்னு பேசினானுக, பெரியப்பா வீட்டு வாசல்ல ஒரு ரகளையே நடந்துச்சு. ஆனா அடுத்த பங்குனியில அவரு வரிக்குப் போயி நின்னப்ப ஒரு வீட்டுலயும் அப்புறம் வாங்கன்னு சொல்லல. மோட்டாருக்குன்னு தனியாக் கேட்டாரு, அதையும் குடுத்தாங்க. திருப்பிக் குடுத்தவன் கேட்டா குடுப்பாங்கடா. இன்னைக்கும் நம்ம ஊர்ல மிச்சம் வீடு வீடாத்தான் போகுது.

இப்ப ஒங்கப்பா விஷயத்துக்கு வாரேன். இதை எழுதலாமா வேண்டாமான்னு நெறைய யோசிச்சேன். எழுதித்தான் ஆகணும்.

ஒங்கப்பா எடது கால்ல ரெண்டு விரல் இல்லைன்னு ஒனக்கு வெவரம் தெரிஞ்சதுல இருந்து தெரியும். சின்னப் புள்ளையில நீ கேட்டப்ப கம்மாயில மீன் கடிச்சிருச்சுன்னு சொன்னாரு. நீ அதை நம்பி எத்தனையோ நாளு கம்மாயில எறங்க மாட்டேன்னு கரையில நின்னு அழுத. கொஞ்சம் வளந்ததும், ராணுவத்துல அடிபட்டதுன்னு ஊரு சொன்னதை நம்பின. ஒங்க பள்ளிக்கூடத்துல சுதந்திர தினத்துக்கு அவரைக் கூப்பிட்டு, போர்ல காயம்பட்ட வீரர்னு மைக்குல சொல்லி மாலை போட்டாங்களே, அன்னைக்கு வீட்டுக்கு வந்து மாலையைக் கழட்டி மாட்டுக்குப் போட்டுட்டுப் படுத்துட்டாரு. வெயில்ல நின்ன அசதின்னு நீ நெனச்ச. அவருக்கு எதிரி யாரும் அடிக்கல தம்பி. அவரு விரலை எடுத்தது ஒரு மார்ச் மாசத்துக் கையெழுத்து.

அப்ப அவரு இருந்த எடமும் இப்ப நீ இருக்கிற மாதிரி ஒரு மலைதான். பனியை வெட்டி ரோட்டைத் தொறக்குற வேலை. ஈரப் பூட்ஸோட திரும்பி வந்து காலைக் காய வைக்க ஒரு ரூம் வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டிருக்காங்க. காசு வந்துச்சு, கட்டுனாங்க. சுவரு நின்னுச்சு, கூரை நின்னுச்சு. அடுப்பு வைக்கல, பொகைக் குழாய் மாட்டல, உள்சுவத்துல பலகை அடிக்கல. நான் மேல எழுதுனதையே திருப்பி எழுதுறேன்னு நெனைக்காத, அங்கயும் இதேதான் பாக்கி. மார்ச் வந்துச்சு. ஒன்னை மாதிரி ஒரு இன்ஜினியர், அவரும் நல்ல மனுஷன்தானாம், பசங்களுக்கு வந்த காசு திரும்பிப் போகக் கூடாதுன்னு முடிஞ்சதாக் கையெழுத்துப் போட்டாரு. பனி உருகினதும் வந்து முடிச்சுத் தர்றேன்னு சொன்ன கான்ட்ராக்டர், முழுக்காசும் வாங்குனவரு, எதுக்கு வரணும்? வரல. அந்த இன்ஜினியருக்கும் மாத்தலாகிருச்சு.

மறுபடி காசு கேட்டு எழுதுனாங்க. அந்த ரூம்தான் முடிஞ்சிருச்சேன்னு பதில் வந்துச்சு. சரி, ரூம் இல்லாட்டியும் பழைய கூடாரத்துல மண்ணெண்ணெய் அடுப்பு இருக்குல்ல, அதை வச்சு ஓட்டலாம்னு பாத்தா, புது ரூம் வந்திருச்சே, பழைய கூடாரத்துக்கு எதுக்கு இவ்வளவு மண்ணெண்ணெய்னு அந்த ஒதுக்கீட்டையும் வெட்டிட்டாங்க. வெட்டுனவங்க மேல தப்பு சொல்ல முடியாது. அவங்க கையில இருந்த கணக்கு அப்படி. அந்தக் குளிர்காலத்துல ஒரு நாளு ஒங்கப்பா பனியில இருந்து வந்து, அந்த ரூம்ல, ஈரச் சாக்ஸைக் காய வைக்க நெருப்பு இல்லாம, விடியிற வரைக்கும் காலைக் கையால தேச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தாரு. விரல் கறுத்துப் போச்சு. ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. லீவுல வீட்டுக்கு வந்து கட்டோட ஒக்காந்து என்கிட்ட முழுசும் சொன்னப்ப நான் அவரைப் பாக்கல தம்பி, தரையைத்தான் பாத்தேன். அவரு சொன்னதுல ஒரு வரிகூட எனக்குப் புதுசு இல்ல. அந்த மார்ச் மாசம் நானும் இங்க ஒரு மேசையில ஒக்காந்து, வந்த பில்லையெல்லாம் பாஸ் பண்ணிக்கிட்டுத்தான இருந்தேன்? அதுல எதெது நெசமா முடிஞ்ச வேலைன்னு நான் எந்திரிச்சுப் போயிப் பாக்கல. அதுக்கப்புறம் நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் நேருல பாக்காம ஒரு பில்லும் மார்ச்ல பாஸ் பண்ணதில்ல. பஸ்ஸப் புடிச்சு குடுமியான்மலைப் பக்கம் ஒரு சின்னப் பாலத்தைப் பாக்கப் போயி, எனக்கு வேலை இல்லைன்னு பேரு வாங்குனேன். வாங்குனா வாங்கிட்டுப் போறேன்.

இப்ப நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். காசு திரும்பிப் போனா ஜவான்களுக்கு நஷ்டம், உண்மைதான். ஆனா திரும்பிப் போன காசை மறுபடி கேக்கலாம். கட்டி முடிச்சதா எழுதின கட்டடத்துக்கு யாரும் மறுபடி கேக்க முடியாது. நீ கையெழுத்துப் போட்ட நிமிஷத்துல இருந்து அந்தப் பசங்க குளிர்றதுக்கு உரிமை இல்லாதவங்க ஆயிருவாங்க. அவங்க நடுங்குனா, நடுங்கல, ஹீட்டர் இருக்குன்னு கணக்கு சொல்லும். அப்புறம் அவங்க பேச்சு எடுபடாது, ஒன் கையெழுத்துத்தான் எடுபடும். இதை நீ நல்லா ரெண்டு தடவை படி.

சும்மா போடாதன்னு சொல்லிட்டுப் போறவ இல்ல நான். என்ன பண்ணணும்னும் சொல்றேன். நாளைக்கே அந்தக் கட்டடத்துக்குப் போ. ஆனது எவ்வளவோ அதை மட்டும் அளந்து எழுது. அதுக்குண்டான காசைக் கான்ட்ராக்டருக்குக் குடுக்கச் சொல்லு, அது அவரு ஒழைச்ச காசு, அதை நிறுத்துறது பாவம். ஆகாதது என்னென்ன, ஏன் ஆகல, ரோடு எப்ப அடைச்சுச்சுன்னு தனியா எழுதி ஆபீசர்கிட்ட குடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வாங்கிக்க. மிச்சப் பணத்தை சரண்டர் பண்ண, அதான் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி எழுது. கடைசி நாளு வரைக்கும் புடிச்சு வச்சுக்கிட்டுச் சொல்லாத, இப்பவே சொன்னா மேல இருக்கவங்க வேலை ஓடிக்கிட்டு இருந்தும் காசு பத்தாம நிக்கிற வேற எடத்துக்குத் திருப்பி விடலாம். ஏதோ ஒரு ஊர்ல யாரோ ஒரு ஜவானுக்குக் கூரை வரும், அது ஒனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஏப்ரல் பொறந்த கையோட, பாதியில நிக்கிற வேலைன்னு சொல்லி அதே கட்டடத்துக்கு மறுபடி கேட்டு எழுது. பனி உருகாம எப்படியும் அங்க வேலை நடக்காதே, அதுக்குள்ள காசு வந்துட்டா அடுத்த குளிருக்கு முன்னாடி முடிச்சிரலாம்.

வராமயும் போகலாம். ஒன்கிட்ட நான் பொய்யி சொல்ல மாட்டேன். மேல வெட்டுவாங்க, லேட்டாகும், ஒங்க ஆபீசுக்குச் செலவழிக்கத் தெரியலைன்னு பேசுவாங்க. ஒன் ஆபீசர் மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. ப்ரொபேஷனை நீட்டிச்சு வைப்பாரு, இன்னும் ஒசர மலைக்குத் தூக்கி அடிப்பாரு. அடிக்கட்டும். அந்த மலையிலயும் கட்டடம் கட்டுறதுக்கு இன்ஜினியர் வேணும்ல. வேலையே போனாலும் வீட்டுக்கு வா. புதுக்கோட்டையில வீடு கட்டாத தெரு இருக்கா? நீ படிச்ச படிப்பு சோறு போடும். பொண்ணு வீட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மத்திய அரசாங்க வேலைக்குத்தான் பொண்ணு குடுத்தோம்னு அவங்க சொன்னா, சரிங்க, வேற எடம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு காப்பி குடிச்சிட்டு வருவேன். அப்படிச் சொல்ற குடும்பம் இல்ல அது, அந்தப் புள்ளைகிட்ட நான் பேசியிருக்கேன், ஒன்னை விடத் தெளிவு. வேணும்னா நீயே அதுகிட்ட கேட்டுப் பாரு, இதை மறைச்சுக்கிட்டுத் தாலி கட்டாத.

ஒண்ணு பாக்கி. அப்பாகிட்ட சொல்லாதம்மான்னு நீ கேட்டுக்கிட்ட. சொல்லிட்டேன். கோவிச்சுக்காத, முப்பது வருஷத்துக்கு மேல ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம், நான் பாத்திரத்தை வைக்கிற சத்தத்துலயே ஏதோ இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டாரு. இதுவரைக்கும் எழுதுனதை அவருகிட்ட முழுசும் படிச்சுக் காட்டுனேன். விரல் கதை வந்தப்ப, "அதை ஏன் எழுதுற"ன்னாரு. எழுதுவேன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு. திருவிழாவுக்கு வரி கேக்க கமிட்டிக்காரங்க வந்தாங்க, குடுத்தாரு. மோட்டாரைப் போட்டுக் கடலைக்குத் தண்ணி கட்டுனாரு. வெயிலு தாழ வந்து காலைக் கழுவிட்டு, அந்த ரெண்டு விரல் இல்லாத காலைத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு.

"இந்தா, இதையும் எழுது. கையெழுத்துப் போடுறதும் போடாததும் அவன் இஷ்டம், வேலை பாக்குறவன் அவன். போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி அந்த ரூம்ல படுக்கச் சொல்லு. சாக்ஸைக் கழட்டிட்டு."

அவரு சொன்னதை அப்படியே எழுதிட்டேன். ஆனா நீ படுக்க வேண்டாம் தம்பி. ஒனக்கும் சேத்து ஒங்கப்பா அந்த ரூம்ல படுத்து முடிச்சுட்டாரு. நீ பணத்தைத் திருப்பிக் குடு.

அம்மா